‘செஃப்’ படத்தின் இரண்டாம் பாதியில் கதை இருக்கிறதா?

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 9

ஜான் ஃபாவ்ரோ எழுதி, இயக்கி, நடித்த ‘செஃப்’ (2014) படத்தை நேற்று பார்த்தேன். முதல் பாதி நன்றாக இருந்தது. ஒரு சமையல்காரருக்கு வேலை போகிறது, மானம் போகிறது. அதன் பிறகு உணவு விற்க ஒரு வண்டி கிடைக்கிறது, கூட்டம் வருகிறது, மகன் சிரிக்கிறான், பிரிந்த மனைவி திரும்பி வருகிறாள். பெயருக்குக்கூட ஒரு தடங்கல் இல்லை. இரண்டாம் பாதி கதையே இல்லாத சுற்றுலாப் படம் என்கிறேன். மறுக்க முடியுமா?

ஜனவரி 9, இரவு

மறுக்கிறேன். வெளியிலிருந்து வரும் இடைஞ்சல் எதுவும் இல்லை என்பது சரிதான். வில்லன் இல்லை, வண்டி நடுவழியில் நிற்கவில்லை, கல்லாப்பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஆனால் கார்ல் காஸ்பர் என்ற அந்தச் சமையல்காரர் தீர்க்க வேண்டிய கடன் பத்து வயது மகன் பெர்சியிடம் இருக்கிறது. அந்தக் கடன் இரண்டாம் பாதி முழுக்க ஓடுகிறது.

கருகிய ரொட்டிக் காட்சியை மறுபடி பாருங்கள். மயாமியில் அழுக்கேறிக் கிடந்த பழைய வண்டியைச் சுரண்டிக் கழுவி முடித்திருக்கிறார்கள். கனமான அடுப்புச் சாமான்களை ஏற்றக் கூலியாட்கள் சிலர் கைகொடுத்திருக்கிறார்கள். அதற்கு நன்றியாக அவர்களுக்குக் கியூபா சாண்ட்விச் போட்டுக் கொடுக்கிறார்கள். பெர்சி கல்லருகே நிற்கிறான். ஒரு ரொட்டி கருகிவிடுகிறது. அவர்கள் காசு தரப்போவதில்லையே, கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கிறான். கார்ல் அவனை வண்டியை விட்டு வெளியே கூட்டி வருகிறார். கத்துவதில்லை. தான் நல்ல கணவனாக இருந்ததில்லை, நல்ல அப்பாவாகவும் இருந்ததில்லை, ஆனால் இந்த ஒரு வேலை தனக்கு நன்றாக வரும், அதை உன்னோடு பகிர்ந்துகொள்ள ஆசை என்று சொல்கிறார். பிறகு, அந்த ரொட்டியைக் கொடுத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார். “இல்லை, செஃப்” என்கிறான் பையன். உள்ளே திரும்பி வேலையைத் தொடர்கிறார்கள்.

படத்தின் உச்சக்கட்டம் அதுதான் என்பது என் எண்ணம். வண்டி புறப்படுவதற்கு முன்பே அது வந்துவிடுவதால், பின்னால் எதுவுமே நடக்காதது போலத் தோன்றுகிறது.

ஜனவரி 10

தன் சமையலைக் குறைத்து எழுதிய உணவு விமர்சகரிடம் கத்தியதால்தான் கார்லுக்கு வேலை போனது என்று பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். வரிசை அப்படி இல்லை. விமர்சகர் இரண்டாம் முறை வரும் அன்று புதிய உணவுப் பட்டியலைச் சமைக்க வேண்டும் என்று கார்ல் துடிக்கிறார். முதலாளி ரீவா, டஸ்டின் ஹாஃப்மன் நடித்த பாத்திரம், பழைய பட்டியலைத்தான் சமைக்க வேண்டும் என்கிறார். கார்ல் அங்கேயே வெளியேறிவிடுகிறார். சமையலறை அவருடைய உதவிச் சமையல்காரர் டோனி கைக்குப் போகிறது. கத்தல் அதற்குப் பிறகுதான் நடக்கிறது.

இடையில் ஒரு காட்சி இருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வெளியேறியவர் நேராக வீட்டுக்குப் போய், அன்று இரவு பரிமாற நினைத்த உணவு வகைகளை எல்லாம் தனியாக நின்று சமைக்கிறார். அதே நேரம் உணவகத்தில் விமர்சகரின் மேசைக்குப் பழைய தட்டுகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார் ஃபாவ்ரோ. வீட்டு மேசையில் தட்டுகள் அழகாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சாப்பிட ஆள் இல்லை. சமையல்காரர் ஒருவரின் தோல்வியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஜனவரி 12

சாக்லேட் லாவா கேக் விஷயத்தில் கார்லுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்டவருக்கு. சற்று நீளமாகவே சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கேக் நடுவில் வேகவில்லை என்று விமர்சகர் எழுதியதுதான் கார்லை அதிகம் குத்துகிறது. எல்லோர் முன்னிலையிலும் கேக்கைக் கையால் பிசைந்து காட்டிக் கத்துகிறார். உறைய வைத்த கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த குழைவு) துண்டை மாவின் நடுவில் வைத்துச் சுடுகிறோம், வெளிப்புறம் முழுதாக வேகிறது, நடுவில் இருப்பது உருகிய சாக்லேட், வேகாத மாவு இல்லை என்பது அவர் வாதம்.

உண்மையில் இரண்டு முறைகள் இருக்கின்றன. பிரான்ஸின் லாகியோல் ஊரில் மிஷேல் பிராஸ் 1981-இல் கொண்டுவந்தது உறைந்த கனாஷை நடுவில் வைக்கும் முறை. நியூயார்க்கில் ஷான்-ஜார்ஜ் வோங்கரிஷ்டன் 1987-இல் பரிமாறியது, சுடும் நேரத்தைக் குறைத்து நடுமாவை இளக்கமாகவே விட்டுவிடும் முறை. உணவகங்களில் பரவியது பெரும்பாலும் இரண்டாவதுதான், ஏனென்றால் அதில் வேலை குறைவு. முதல் முறையில் கனாஷைத் தனியாகச் செய்து, உருளையாக உறைய வைத்து, மாவு ஊற்றும் நேரத்தில் நடுவில் இறக்க வேண்டும். அடுப்பில் வெளிமாவு கெட்டிப்படும் வேளையில் உள்ளே இருக்கும் உறைந்த துண்டு இளகிக் குழம்பாகியிருக்க வேண்டும். முந்தினால் வெளியே வழியும், பிந்தினால் நடுவில் குளிர்ந்த கட்டி நிற்கும்.

ஆக, கார்ல் கடினமான முறையைக் கையாள்கிறவர். அதைச் சோம்பேறித்தனம் என்று ஒருவர் ஊருக்கே எழுதிவிட்டார். கோபம் வராதா?

ஜனவரி 12, மாலை

ஒரு சிறு தகவல். விமர்சகர் ராம்சே மிஷேலாக நடித்த ஆலிவர் பிளாட்டின் சொந்த அண்ணன்தான் ஆடம் பிளாட். ‘நியூயார்க்’ பத்திரிகையில் பல ஆண்டுகள் உணவக விமர்சனம் எழுதியவர்.

ஜனவரி 16

நான் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தவள். அதனால் ரீவா வரும் காட்சிகளை என்னால் சிரித்துக்கொண்டே பார்க்க முடிவதில்லை. எங்கள் முதலாளியும் நல்ல மனிதர்தான். சம்பளம் தள்ளிப்போனதில்லை. ஆனால் பட்டியலில் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றால் முகம் சுருங்கிவிடும். எங்கள் மாஸ்டர் கடை அடைத்த பிறகு, மிச்சமிருக்கும் சாமானில் தனக்குத் தோன்றியதைச் செய்து எங்களுக்குக் கொடுப்பார். தட்டு கழுவுகிறவர் முதற்கொண்டு எல்லோரும் சுவர் ஓரம் நின்று சாப்பிடுவோம். அந்த ருசி ஒரு நாளும் வாடிக்கையாளர் மேசைக்குப் போனதில்லை. மாஸ்டருக்கு அதைப் பற்றிப் புகார் இருந்ததாகவும் தெரியவில்லை. நாங்கள் தட்டை வழித்துச் சாப்பிடுவதை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தப் படத்தின் சமையலறையில் என்னைக் கவர்ந்தது கை. ஃபாவ்ரோ கத்தி பிடிக்கும் விதம், தோளில் துண்டு கிடக்கும் விதம், சுவை பார்த்த கரண்டியைத் திரும்பப் பாத்திரத்துக்குள் விடாத கவனம் எல்லாம் பழகிய கையினுடையவை. லாஸ் ஏஞ்சல்ஸ் சமையல்காரர் ராய் சோய் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். சமையலறையைப் பொய்யாகக் காட்டக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் சோய் படத்துக்குள் வந்தார். ஃபாவ்ரோவைப் பிரெஞ்சு சமையல் பயிற்சிக்கு அனுப்பி, பிறகு தன் சமையலறைகளில் நிற்க வைத்து வேலை வாங்கியிருக்கிறார்.

மகனுக்குச் சீஸ் ரொட்டி சுடும் காட்சியில் இது பளிச்சென்று தெரியும். வெண்ணெய் ரொட்டியின் ஓரம் வரை போகிறது. தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்கிறார், போதாது என்று திரும்ப வைக்கிறார். பொன்னிறம் வந்ததும் கத்தி குறுக்கே இறங்கும்போது மொறுமொறுவென்று ஒரு சத்தம். ஒரு ரொட்டிக்கு அவ்வளவு சிரத்தை. பெரிய உணவகத்தில் அவர் செய்யும் எதையும் இவ்வளவு நெருங்கிக் காமிரா பார்ப்பதில்லை.

ஜனவரி 17

நேற்று எழுதியதைப் படித்த பிறகு ரீவாவைப் பற்றி யோசித்தேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புகழ்பெற்ற பாட்டுக் குழுவின் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிப் போகிறீர்கள், அவர்களுடைய மிகப் பெரிய பாட்டைப் பாடாமல் மேடையை விட்டு இறங்கினால் எப்படி இருக்கும் என்று கார்லிடம் கேட்கிறார். அந்தக் கேள்விக்குக் கார்லிடம் பதில் இல்லை. படத்திலும் இல்லை. வாடகை, சம்பளம், மளிகைக் கடன் எல்லாம் ரீவாவின் தலையில்தான் விழுகின்றன. புதிய பட்டியல் படுத்துவிட்டால் கார்ல் இன்னொரு உணவகத்துக்குப் போய்விடலாம்.

என் மாஸ்டரை அவருடைய முதலாளி தடுத்தது தவறு என்று இன்றும் சொல்வேன். ஆனால் ரீவாவை வில்லனாக எழுதாமல் விட்டதற்காக ஃபாவ்ரோ மீது எனக்கு மதிப்பு கூடுகிறது. விமர்சகரும் வில்லன் இல்லை. கார்லின் பழைய சமையலை நேசித்தவர், அது மங்கிவிட்டதைப் பார்த்து வருந்தியவர். அவர் எழுதியது கொடூரம், ஆனால் சொன்ன செய்தி சரி. அது கார்லுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தம்.

ஜனவரி 21

“தெருவில் நின்றவருக்கு ஓசியில் வண்டி கிடைக்கிறது, இதுவா மறுதொடக்கம்?” என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நல்ல கேள்வி. வண்டியைக் கொடுப்பவர் மார்வின், கார்லின் முன்னாள் மனைவி இனேஸுக்கு அவருக்கும் முன்னால் கணவராக இருந்தவர். ராபர்ட் டவுனி ஜூனியர் சில நிமிடங்களே வந்து அந்தப் பாத்திரத்தைச் செய்துவிட்டுப் போகிறார். பணம் இருக்கும் உறவுகள் உள்ளவருக்கே இப்படிக் கதவு திறக்கும் என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால் ஓசியில் வாங்குவது எவ்வளவு கசக்கிறது என்பதைப் படம் மறைக்கவில்லை. மனைவியின் முதல் கணவர் முன்னால் உட்கார்ந்து, அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு, கையேந்த வேண்டியிருக்கிறது. கார்ல் நெளிவதைப் பாருங்கள். பெரிய சமையல்காரர் என்ற பெயரைக் கழற்றி வைக்கும் இடம் அது. அதற்குப் பிறகுதான் வண்டியைச் சுரண்டும் வேலை தொடங்குகிறது.

கடை போட உரிமம் வாங்குவதைப் படம் காட்டவில்லை என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். மயாமியில் ஒரு போலீஸ்காரர் வந்து விசாரிக்கிறார், பிறகு கார்லோடு படம் எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். மயாமி, நியூ ஆர்லியன்ஸ், ஆஸ்டின், லாஸ் ஏஞ்சல்ஸ் என்று நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி ஒவ்வொரு ஊரிலும் கடை போடுகிறது. அமெரிக்காவில் இந்த அனுமதிகள் ஊருக்கு ஊர், மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். கலிஃபோர்னியாவில் உணவு வண்டி அங்கீகரிக்கப்பட்ட ஒரு பொதுச் சமையலறை மையத்தோடு இணைந்திருக்க வேண்டும், நாள்தோறும் அங்கே போய்ச் சுத்தம் செய்ய வேண்டும். இதையெல்லாம் காட்டியிருந்தால் படம் பிடிக்க வேண்டியது அரசு அலுவலக வரிசையைத்தான். விட்டதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஜனவரி 22

வண்டி ஓட்டி முன்னுக்கு வருவது வெறும் சினிமாக் கனவு என்று தள்ளிவிடாதீர்கள். ராய் சோய் பெரிய ஓட்டல்களில் சமைத்தவர். பொருளாதாரம் சரிந்த 2008-இல்தான் லாஸ் ஏஞ்சல்ஸில் கோகி வண்டியைத் தொடங்கினார்கள். கொரியப் பாணியில் சமைத்த இறைச்சியை டாகோ என்னும் மெக்சிகோவின் மடித்த ரொட்டிக்குள் வைத்து விற்றார்கள். இன்று எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதை ட்விட்டரில் சொன்னார்கள், ஜனங்கள் தேடி வந்தார்கள். படத்தில் பெர்சி செய்வது அதையேதான்.

ஆஸ்டினில் அவர்கள் இறைச்சி வாங்கும் இடமும் அப்படித்தான். ஆரன் ஃபிராங்க்ளின் 2009-இல் ஒரு இழுவை வண்டியில் கடை போட்டு, 2011-இல் கட்டடத்துக்குப் போனவர். படத்தில் அவரே வருகிறார். இரவெல்லாம் புகையில் வெந்து வெளியே கருத்து நிற்கும் அந்த மாட்டிறைச்சியை வெட்டும் காட்சியில் நடிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. ‘அயர்ன் மேன்’ (2008), அதன் இரண்டாம் பாகம், ‘கவ்பாய்ஸ் அண்ட் ஏலியன்ஸ்’ (2011) என்று பெரிய பட்ஜெட்டில் ஓடிக்கொண்டிருந்தவர் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் டாலரில் இந்தச் சிறிய படத்தை எடுத்தார். யாருடைய பட்டியலைச் சமைக்கிறோம் என்ற கேள்வி அவருக்கும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். படம் உலக அளவில் நான்கரைக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

ஜனவரி 25

பெண் பாத்திரங்கள் பற்றி நானே எழுத வேண்டும் என்றிருந்தேன். ஸ்கார்லெட் ஜோஹன்சன் நடித்த உணவக ஊழியர் மோலி, சோஃபியா வெர்கரா நடித்த இனேஸ், இருவருக்கும் ஒரே வேலை. கார்லுக்கு நல்ல புத்தி சொல்வது, அவர் சமைத்ததைக் கண்மூடி ரசிப்பது. அவர்களுக்கென்று ஓர் ஆசை, ஒரு கோபம், ஒரு தப்புக்கூட இல்லை. மோலி பாதியில் காணாமலே போய்விடுகிறார். கதையில் எடை உள்ள கரண்டிகள் மூன்றும் ஆண்கள் கையில்: கார்ல், அவரோடு சமைக்கும் மார்ட்டின், டோனி.

அடுப்பருகே வெந்து நின்ற பெண்ணாக எனக்கு இது உறுத்துகிறது. ஆண்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே வேலை பார்க்கும் அந்தச் சமையலறை நிஜம்தான். அதற்குள் நுழைந்து தன் இடத்தைப் பிடிக்கும் பெண்ணும் நிஜம். அப்படி இருவர் வேண்டும் என்று கேட்கவில்லை, ஒருவர் போதும். அவருக்கு ஒரு வசனமாவது கொடுத்திருக்கலாம்.

ஜனவரி 26

மார்ட்டினை மறந்துவிட்டேனே என்று கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஜான் லெக்விசாமோ அந்தப் படத்தின் உயிர். புதிதாகக் கிடைத்த பதவி உயர்வை விட்டுவிட்டு, சம்பளம் பேசாமல், மயாமிக்கு வந்து நிற்கிறார். ஏன் வந்தாய் என்ற விளக்கப் பேச்சு கிடையாது. டோனி வராமல் இருந்ததைத் துரோகம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாஸ்டர் கோபித்துக்கொண்டு வெளியேறும் நாளில் யாராவது அடுப்பைப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். மேசைகளில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜனவரி 30

2017-இல் வந்த இந்தி மறுஆக்கத்தையும் பார்த்துவிட்டேன். ராஜா கிருஷ்ண மேனன் இயக்கம், சைஃப் அலி கான், பத்மப்ரியா. நியூயார்க்கிலிருந்து கொச்சிக்கு வந்து, பழைய இரட்டை அடுக்குப் பேருந்தை உணவு வண்டியாக்கி, டெல்லிக்குப் போகிறார்கள். பத்மப்ரியாவின் பாத்திரத்துக்கு இனேஸைவிட முதுகெலும்பு அதிகம், அது நல்ல மாற்றம்.

இரண்டு மாற்றங்கள் எனக்கு உவப்பாக இல்லை. ஒன்று, இதில் நாயகன் சாப்பிட வந்த வாடிக்கையாளரை அடித்துவிட்டு வேலையை இழக்கிறார். கார்லின் காயம் சொல்லால் வந்தது, அவர் திருப்பித் தந்ததும் சொல். கை நீட்டியவுடன் அந்தச் சமநிலை கெட்டுவிடுகிறது. இரண்டு, சமையல் தொழிலை எதிர்த்த அப்பா ஒருவரைக் கொண்டுவந்து, அவரோடு சமாதானம் ஆவதைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அதனால் மகனிடம் பட்ட கடன் பின்னுக்குப் போய்விடுகிறது. மூலப் படத்தில் மன்னிப்புக் கேட்கும் திசை ஒன்றே ஒன்று: பெரியவர் சின்னவனிடம் கேட்கிறார். அது நம் படங்களில் அபூர்வம் என்பதால் அதை அப்படியே வைத்திருக்கலாம் என்று ஏங்கினேன்.

பிப்ரவரி 2

முதல் கேள்வியைக் கேட்டவர், இன்னும் தடங்கலைக் காட்டவில்லையே என்கிறார். காட்டுகிறேன்.

பயணம் முடியப்போகிறது. கோடை விடுமுறையும் முடிகிறது. கார்ல் மகனிடம், பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும், இந்த நாட்கள் போலவே எப்போதும் இருக்காது என்று பக்குவமாகச் சொல்கிறார். பையன் எதிர்த்துப் பேசுவதில்லை. சரி என்கிறான். அப்பா கைவிடும்போது அழாமல் இருக்கப் பழகிய பையன் அவன். இத்தனை ஊர் சுற்றி, கத்தி வாங்கிக் கொடுத்து, அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சொல்லிக்கொடுத்து, கடைசியில் கார்ல் பழைய கார்லாகவே திரும்பிவிட்டார். அவர் குரலில் கனிவு இருப்பதால் அது ஒரு சறுக்கல் என்று நமக்கு உறைப்பதில்லை.

பிறகு பெர்சி அனுப்பிய காணொளி வருகிறது. ஒவ்வொரு நாளிலிருந்தும் ஒரு நொடி எடுத்து ஒட்டியது. அடுப்பு, சாலை, சிரிப்பு, ரொட்டி, மார்ட்டின் முகம். கார்ல் தனியாக உட்கார்ந்து பார்க்கிறார். போனை எடுத்து, வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் வண்டியில் வேலைக்கு வருகிறாயா என்று மகனைக் கேட்கிறார். படிப்பு கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு. வசூல் எவ்வளவு ஆனது என்ற கணக்கைவிட இந்த அழைப்பு வருமா வராதா என்பதில்தான் எனக்குப் படபடப்பாக இருந்தது.

அதற்குப் பின் வருவதை நான் தற்காக்கப் போவதில்லை. விமர்சகரே வந்து உணவகத்துக்குப் பணம் போடுவதும், ஆறு மாதம் கழித்து இனேஸோடு மறுபடி கல்யாணமும் அவசரமாக ஒட்டியவை. கல்யாணம் இல்லாமலே அந்த மூவரும் நன்றாக இருந்திருப்பார்கள். வண்டியும் போதுமானதாக இருந்தது.

பிப்ரவரி 3

பாதியில் நிறுத்தியவர்களுக்கும், எழுத்து ஓடத் தொடங்கியதும் எழுந்து போனவர்களுக்கும்: முடிவுப் பெயர்கள் ஓடும்போது ராய் சோய் ஃபாவ்ரோவுக்குச் சீஸ் ரொட்டி சுடக் கற்றுக்கொடுக்கும் உண்மையான பதிவு வருகிறது. கல்லில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு உலகில் வேறு எதுவும் இல்லை என்கிற மாதிரி சோய் பேசுகிறார், ஃபாவ்ரோ மாணவனாகக் குனிந்து பார்க்கிறார். இருவரும் 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் ஒரு சமையல் தொடரும் செய்தார்கள். சமையலறை வேலையில் ஆர்வம் உள்ளவர்கள் அதிலிருந்து தொடங்கினாலும் நல்லதுதான்.